படிப்படியாக வந்து சேரும்

ஜனவரி 11: போன் வாங்கியது. 42,00,000 ரூபியா.
அதே நாள்: திரைக்குக் கண்ணாடி ஒட்டியது. 35,000.
பிப்ரவரி 3: புதிய அப்டேட் வரப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. செலவு இல்லை.
மார்ச் 15: வருவதாகச் சொன்ன நாள். வரவில்லை.
ஏப்ரல் 2: சர்வீஸ் சென்டருக்குப் பைக் டாக்சி, போக வர. 24,000.
ஏப்ரல் 21: போலந்து நாட்டில் வந்துவிட்டதாகச் செய்தி. தலைவலி மாத்திரை. 6,000.
மே 9: மறுபடியும் பைக் டாக்சி. 26,000. கட்டணம் ஏறியிருந்தது. அப்டேட் வரவில்லை.

உலகத்தில் காத்திருப்பவர்கள் பலவிதம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், மழைக்குக் காத்திருப்பவர், மகன் திருந்துவான் என்று காத்திருப்பவர். இவர்களை நாம் தனி இனமாகக் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் காத்திருக்கும் நேரத்தில் இவர்கள் வேறு வேலையும் பார்ப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர் வேர்க்கடலை தின்பார், மழைக்குக் காத்திருப்பவர் ஓட்டையாவது அடைப்பார். ஆனால் கையில் நன்றாக வேலை செய்கிற ஒரு போனை வைத்துக்கொண்டு, அது இதைவிட நன்றாக வேலை செய்யப்போகிற நாளுக்காகக் காத்திருக்கிறாரே ஒருவர், அவர் தனி இனம். அவருக்குக் காத்திருப்பதுதான் வேலை. மற்றதெல்லாம் இடையூறு.

இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் செமாராங்கில், கடல்நீர் மாதம் இரண்டு முறை வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுப் போகிற எங்கள் தெருவில், இந்த இனத்தின் குறையில்லாத மாதிரி ஒருவர் இருக்கிறார். பாக் ஹர்சோனோ. மேலே உள்ள செலவுக் கணக்கு அவருடையது. துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அறுபது வீடுகளுக்குத் தெருத் தலைவர். தலைவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது, முத்திரை உண்டு. அந்த முத்திரை விழுந்த கடிதம் இல்லாமல் எங்கள் தெருவில் ஒருவர் அடையாள அட்டை வாங்க முடியாது, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க முடியாது, கல்யாணம் பண்ணிக்கொள்ளவும் முடியாது. இறந்துபோவதை மட்டும் முதலில் செய்துவிட்டுப் பிறகு கடிதம் வாங்கலாம்.

அவருடைய நாள் எப்படித் தொடங்குகிறது? கண் திறந்ததும் போனை எடுப்பார். செட்டிங்ஸுக்குள் போய், அதற்குள் இன்னொன்றுக்குள் போய், கடைசியில் இருக்கிற 'சரிபார்' என்பதை அமுக்குவார். ஒரு வட்டம் சுற்றும். அந்த வட்டம் சுற்றுகிற நேரத்தில் அவர் முகத்தில் தெரிகிற பக்தியை நான் பள்ளிவாசலில்கூடப் பார்த்ததில்லை. பிறகு 'உங்கள் போன் புதிய நிலையிலேயே உள்ளது' என்று வரும். வேறு யாருக்காவது இது நல்ல செய்தி. அவருக்கு இது முகத்தில் காறித் துப்பியது போல.

"பாரு, புதிய நிலையாம். யாரை ஏமாத்துறான்?"

இதை அவர் சொல்வது மனைவி இபு சுதார்த்தியிடம் (எங்கள் பக்கம் ஆண்களுக்கு 'பாக்', பெண்களுக்கு 'இபு' என்பது மரியாதை). அந்த அம்மாள் அந்த நேரத்தில் தெம்பே என்கிற சோயா வில்லைகளை வறுத்துக்கொண்டிருப்பார். "கம்பெனிக்காரன் இங்க இல்லீங்க. உப்பு பாத்துச் சொல்லுங்க" என்பார்.

போலந்து எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னால் பாக் ஹர்சோனோவின் விரல் பிரேசில் பக்கம் போகும். ஆனால் போலந்தில் எந்த நம்பர் அப்டேட் எந்தக் கிழமை வந்தது என்று அவருக்குத் தெரியும். கொரியாவுக்கு முதலில் கொடுத்ததை அவர் மன்னித்துவிட்டார், அது கம்பெனிக்குச் சொந்த ஊர். மலேசியாவுக்குக் கொடுத்ததை மன்னிக்கவில்லை. "நடுவுல ஒரு தண்ணிதான். அதைத் தாண்டி வர இவ்வளவு நாளா?" என்று கேட்டார், ஏதோ அப்டேட் படகில் வருவது போல. போனில் எப்போதும் இடம் காலியாக இருக்க வேண்டும் என்று பேரன் முதன்முதலாக நடந்த வீடியோவை அழித்தார். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் எந்த நிமிடமும் வந்துவிடலாம் என்று பெண்ணுக்குப் பூ வைத்து உட்கார வைத்திருப்பது போல அந்தப் போன் மேசைமேல் உட்கார்ந்திருந்தது.

இதில் வேதனை என்னவென்றால், இபு சுதார்த்தி வைத்திருந்ததும் அதே கம்பெனியின் போன்தான். பாதி விலை. அதற்கு மே மாதமே அப்டேட் வந்துவிட்டது.

"உனக்கு வந்திருக்கா? என்னைக்கு?"

"அதுவா? மூணு வாரமா ஏதோ கேட்டுக்கிட்டே இருக்கு. சீரியல் பாத்துக்கிட்டிருந்தேன், அப்புறம்னு அமுக்கிட்டேன்."

"அப்புறம்னு அமுக்கிட்டியா?"

"தினமும் கேக்குது, தினமும் அமுக்குறேன். அதுக்கும் சலிக்கல, எனக்கும் சலிக்கல."

அன்று அவர் மதியச் சோறு சாப்பிடவில்லை.

சரி, அந்த அப்டேட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். திரையில் கடிகாரத்தின் எழுத்தை மாற்றிக்கொள்ளலாமாம். படங்களின் மூலைகள் வட்டமாக இருக்குமாம். அப்புறம் முக்கியமாக, பிரிண்டரோடு போன் ஒழுங்காகப் பேசுமாம்.

வினை அந்தப் பிரிண்டரில்தான். முந்தைய தலைவர் கடிதங்களைக் கையால் எழுதி, ஊதிக் காயவைத்து, ஒரு குத்துக் குத்திக் கொடுத்துவிடுவார். நீங்கள் செருப்பைக் கழற்றி மாட்டுவதற்குள் காரியம் முடிந்துவிடும். பாக் ஹர்சோனோ பதவிக்கு வந்ததும் இந்த நாகரிகமில்லாத முறையை ஒழித்தார். இனிமேல் கடிதம் போனில் தயாராகும், போனிலிருந்து பிரிண்டருக்குப் போகும், எழுத்து அச்சடித்தது போல இருக்கும். இரண்டு மாதம் இருந்தது. பிறகு ஒரு நாள் பிரிண்டர் முனகிவிட்டு வெள்ளைத் தாளைத் தள்ளியது. அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார்: இது போனின் கோளாறு, அப்டேட் வந்தால் சரியாகும். அன்றிலிருந்து தெருவின் சகல காரியங்களும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டன.

"புதுசு வரட்டும், எல்லாத்தையும் சேத்துப் பண்ணிடலாம்."

குப்பை வண்டி நேரம், ஞாயிற்றுக்கிழமைச் சாக்கடை வேலைக்கு ஆள் பிரிப்பது, காவல் முறை, எல்லாம் சேர்ந்து வரிசையில் நின்றன. கையால் எழுதித் தரக்கூடாதா என்று கேட்டவரிடம், "கையாலயா? நாம எந்தக் காலத்துல இருக்கோம்?" என்றார்.  கேட்டவர் சாக்கடை அடைத்துக்கொண்ட காலத்தில் இருந்தார்.

இந்த வரிசையில் தெருமுனைச் சலூன்காரர் ஜுமாதியும் வந்து நின்றார். அவருக்கு ஒரே மகள், விதுரி. மாப்பிள்ளை டானாங் கப்பலில் வேலை செய்கிறவன். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பெண், மாப்பிள்ளை இருவரின் பிறந்த நாட்களைக் கூட்டிக் கழித்து ஜூன் 22, ஞாயிறு என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை சூரோ மாதம் பிறக்கிறது; அந்த மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் செய்வதில்லை. அடுத்த நாள் டானாங்கின் கப்பல் புறப்படுகிறது, திரும்ப ஒன்பது மாதம். ஆக அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு கிடையாது. திருமண அலுவலகத்தில் தாள்களைப் பத்து வேலை நாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும்; நடுவில் பெருநாள் விடுமுறை. எண்ணிப் பார்த்தால் ஜூன் 4 கடைசி. அந்தத் தாள்களில் முதல் தாள், இந்தப் பெண் எங்கள் தெருவில் வசிப்பவள், இன்னும் மணமாகாதவள் என்று தெருத் தலைவர் தருகிற கடிதம்.

மே மாதத் தொடக்கத்தில் ஜுமாதி, மரியாதைக்குப் போடுகிற, வெளுத்த பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு பாக் ஹர்சோனோ வீட்டுக்குப் போனார். ஜாவாக்காரர் ஒருவர் வந்த காரியத்தை முதலில் சொல்லிவிட்டால், தேநீருக்காக வந்தவர் என்ற மரியாதை போய்விடும். முதலில் உடம்பு, பிறகு மழை, பிறகு விலைவாசி. தேநீர் அடிமண்டிக்கு வந்த பிறகு, எழுந்திருக்கிற பாவனையில்தான் காரியம் வாய்க்கு வர வேண்டும். ஜுமாதி உடம்பை விசாரித்தார், மழையை விசாரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நல்லெண்ணத்தில், மேசைமேல் இருந்ததைப் பார்த்து, "போன் எப்படித் தலைவரே இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

அவர் வீடு திரும்பியபோது விளக்கு வைத்திருந்தார்கள்.

"என்னப்பா, கேட்டீங்களா?" என்றாள் விதுரி.

"போலந்துல வந்துடுச்சாம்மா."

"என்ன வந்துடுச்சு?"

"அது எனக்குப் புரியல."

அடுத்த வாரம் பாக் ஹர்சோனோவே சலூனுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். கழுத்துக்குத் துண்டு, தாடைக்கு நுரை. சற்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மகளின் கல்யாணக் கடிதம் யாரிடம் நிற்கிறதோ அவர் கண்ணை மூடிக்கொண்டு தொண்டையை உங்கள் சவரக்கத்திக்குக் காட்டிக் கிடக்கிறார். சரித்திரத்தில் எந்த மனுதாரருக்கு இப்படி ஒரு வசதி கிடைத்தது?

"தலைவரே," என்றார் ஜுமாதி, கத்தியைத் துடைத்தபடி. "நம்ம பொண்ணு விஷயம்."

"எந்தப் பொண்ணு விஷயம்?"

"விதுரிதான். லெட்டர். ஒண்ணும் அவசரமில்ல."

அவசரமில்லை என்று சொல்வதற்கு இருபது தலைமுறைப் பண்பாடு வேண்டும்.

"அதானே, அவசரம் எதுக்கு? புதுசு வந்ததும் முதல் லெட்டர் உன் பொண்ணுக்குத்தான். அவ அந்த போன் கம்பெனியிலதானே வேலை பாக்குறா? நீயே கேளு அவளை, ஏன் இப்படி இழுத்தடிக்கிறாங்கன்னு. மனுஷனோட பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கு ஜுமாதி. மெதுவா, மெதுவா, அங்க ஒரு மச்சம் இருக்கு."

ஜுமாதி மச்சத்தைச் சுற்றி மெதுவாக வழித்தார்.

உண்மைதான். விதுரி வேலை பார்த்தது அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், சிம்பாங் லிமா சதுக்கத்துக்குப் பக்கத்தில், முன் கவுன்டரில். அங்கே உட்காருகிறவர்களுக்கு மூன்று விதிகள். சிரிக்க வேண்டும், தேதி சொல்லக் கூடாது, பொறுமைக்கு நன்றி சொல்ல வேண்டும். மே மாதக் கடைசியில் பாக் ஹர்சோனோ மூன்றாம் முறையாகப் பைக் டாக்சி பிடித்தார், டோக்கன் எடுத்தார், தன் முறை வந்ததும் அவள் முன்னால் அமர்ந்தார். அடுத்த வீட்டுக்காரர், அவள் பல் முளைத்ததைப் பார்த்தவர்.

"வாங்க பெரியப்பா. என்ன உதவி வேணும்?"

"உதவி ஒண்ணும் வேண்டாம். என்னைக்கு வரும், அதைச் சொல்லு."

"படிப்படியா குடுத்துட்டு வர்றாங்க பெரியப்பா. உங்களுக்கும் வந்து சேரும்."

"போன தடவையும் இதேதான் சொன்ன."

"போன தடவையும் இதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தாங்க."

"ஒரு தேதி சொல்ல என்ன கேடு? ஒருத்தன் உங்களை நம்பி உக்காந்திருக்கான். அவனுக்கும் ஒரு திட்டம் இருக்கும், ஒரு வேலை இருக்கும். முடியும்னா முடியும்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. பொறுப்புல உக்காந்துக்கிட்டு, இன்னைக்கு நாளைக்குன்னு ஒருத்தரை அலைய வைக்கிறது என்ன நியாயம்?"

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். விதுரியும் தலையாட்டினாள்.

"பெரியப்பா சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். அப்போ என் லெட்டருக்கு ஒரு தேதி சொல்லுங்க. நான் உங்க தேதியை மேலிடத்துல கேட்டு வாங்கிடுறேன்."

யாரோ சிரித்தார்கள். பாக் ஹர்சோனோ சிரித்தவரைத் தேடிப் பின்னால் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"அது வேற, இது வேற."

இந்த இனத்தின் கொடியில் எழுதவேண்டிய வாசகம் இதுதான்.

"எப்படி வேற பெரியப்பா?"

"யோசிச்சுப் பாரு. அப்டேட் வந்தாதானே பிரிண்டர் ஓடும்? பிரிண்டர் ஓடினாதானே லெட்டர்? அப்போ உன் கல்யாணத்தை இழுத்தடிக்கிறது யாரு? நானா? நீ வேலை பாக்குற கம்பெனி." தன் வாதத்தின் அழகில் அவருக்கே முகம் மலர்ந்தது. "இதையும் எழுதிக்கோ. உங்களால ஒரு ஏழைப் பொண்ணு கல்யாணம் நிக்குதுன்னு எழுது."

"பொறுமைக்கு நன்றி பெரியப்பா" என்றாள் விதுரி. விதி மூன்று.

வெளியே போகும்போது, சேவை எப்படி இருந்தது என்று கேட்கிற திரையில் அவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். அந்த நட்சத்திரத்துக்காக விதுரி மேலாளர் முன்னால் நின்று விளக்கம் சொல்லவேண்டி வந்தது. அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அப்பாவிடம் சொன்னாள்.

"மேல் தலைவர்கிட்ட போங்கப்பா. இல்லன்னா நான் போறேன்."

எங்கள் தெருவோடு சேர்த்து ஏழு தெருவுக்கு மேலே ஒரு தலைவர் உண்டு, பாக் துகிமான். பட்டாளத்தில் இருந்தவர். தெருத் தலைவர் ஊரில் இல்லாதபோது அவர் எழுதித் தரலாம். ஆனால் பாக் ஹர்சோனோ ஊரில் இருக்கிறார், வீட்டில் இருக்கிறார், சன்னலைத் திறந்தால் தெரிகிறார். அவரைத் தாண்டிப் போவது என்றால் நடுத்தெருவில் அவர் தலையில் குட்டுவது போல. இருபத்திரண்டு வருடம் பக்கத்திலிருந்து, அவர் வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுத்தவர் ஜுமாதி, அவர் மகன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். "அவருகிட்ட நாளைக்கு நான் எப்படிம்மா முகம் குடுப்பேன்?" என்றார். விதுரி கல்யாணச் சட்டைக்கு அளவெடுத்த துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அது போதும்.

ஜூன் 4, புதன்கிழமை காலை, ஜுமாதி சலூனை அடைத்தார். பெருநாள் நெருங்கும் கூட்டமுள்ள நாளில் அவர் கடையடைத்து நான் பார்த்ததில்லை.

பாக் துகிமான் கோழிகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். அமுக்குகிற பொத்தான்கள் உள்ள பழைய போன் ஒன்று அவர் சட்டைப்பையில்.

"உங்க தெருத் தலைவருக்கு என்ன ஆச்சு?"

"நல்லா இருக்காருங்க. போன்தான் சரியில்ல."

"போனுக்கும் பொண்ணுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பாக் துகிமான் பேத்தியின் பள்ளி நோட்டிலிருந்து தாளைக் கிழித்தார், எழுதினார், முத்திரையைக் குத்தினார். "போ. பத்தரைக்குள்ள போனா இன்னைக்கே வாங்கிப்பாங்க" என்றார். ஜுமாதி அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தலைவர் வீட்டு வழியாக வராமல், கடல்நீர் தேங்கிய பின்சந்து வழியாகக் கணுக்கால் நனைய நடந்தார், எதையோ திருடிக்கொண்டு போகிறவர் போல.

மூன்றாம் நாள் பாக் ஹர்சோனோவுக்குச் செய்தி எட்டியது. கோபம் வரவில்லை. இந்த இனத்துக்குக் கம்பெனியிடம்தான் கோபம் வரும். மனிதர்களிடம் மனவருத்தம் வரும்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஜுமாதி. நான் என்னைக்காவது முடியாதுன்னு சொன்னேனா?"

இல்லை. அவர் ஒருபோதும் முடியாது என்று சொன்னதில்லை. முடியாது என்று சொல்லியிருந்தால் ஜுமாதி மே மாதமே பிழைத்திருப்பார்.

"தப்புதான் தலைவரே" என்றார் ஜுமாதி. தப்பை யார் செய்தாலும் மன்னிப்பை அவர்தான் கேட்பார். கேட்டுவிட்டு, வழக்கப்படி, வரவேற்பில் தெருவின் சார்பாகப் பேசவேண்டும் என்று அழைத்தார். பாக் ஹர்சோனோ பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

ஜூன் 22 அன்று கல்யாணம் நடந்தது. முன்வரிசையில் அவர், புதுப் பாத்திக் சட்டையில். மைக்கைப் பிடித்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாம் உடனே வேணும். மணமக்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. பொறுமையா இருங்க. நல்லது எதுவும் படிப்படியாத்தான் வந்து சேரும்." கைதட்டினார்கள். மேடையில் விதுரி சிரித்துக்கொண்டிருந்தாள். கவுன்டரில் பழகிய சிரிப்பு. பேச்சின் நடுவில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவர் கூட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு எடுத்துப் பார்த்தார். மின்சாரக் கட்டணச் செய்தி.

அப்டேட் வந்தது ஜூன் 30, திங்கட்கிழமை. கம்பெனியைக் குறை சொல்வதற்கில்லை, படிப்படியாகத்தான் வந்தது. பாக் ஹர்சோனோ வாசல் கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியைப் போன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நீலக்கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். போன் அணைந்து உயிர்த்தபோது கடிகாரத்தின் எழுத்து மாறியிருந்தது. மூலைகள் வட்டமாக இருந்தன. பிரிண்டருக்குக் கட்டளை போனது. அது முனகிவிட்டு வெள்ளைத் தாளைத் தள்ளியது.

இபு சுதார்த்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்து பிரிண்டரின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"மை தீந்து போச்சுங்க."

பாக் ஹர்சோனோ மூடியைச் சாத்தினார். பிறகு போனை எடுத்து, செட்டிங்ஸுக்குள் போய், 'சரிபார்' என்பதை அமுக்கினார். அடுத்தது எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பழைய நண்பரின் கேள்விக்குப் பதில் எழுதாமல் வைத்திருக்கிறீர்களே, அது எதற்காகக் காத்திருக்கிறது? உங்கள் ஒரு கையெழுத்துக்காக, ஒரு சொல்லுக்காக, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு யாரோ உங்கள் உடல்நலத்தை விசாரித்துக்கொண்டிருக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? 'அது வேற, இது வேற' என்று உதடு அசைந்தால், மன்னியுங்கள், உங்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மற்றபடி, பாக் ஹர்சோனோ வாக்குத் தவறுகிறவர் அல்ல. மை வாங்கி ஊற்றிய பிறகு, சொன்னபடியே, முதல் கடிதத்தை ஜுமாதியின் மகளுக்குத்தான் அடித்தார். எழுத்து அழகாக இருந்தது. முத்திரை நேராக விழுந்திருந்தது. மேற்படி விதுரி இந்தத் தெருவில் வசிப்பவர் என்றும், இந்தத் தேதிவரை மணமாகாதவர் என்றும், அவர் திருமணம் செய்துகொள்வதில் தெருவுக்கு ஆட்சேபம் ஏதுமில்லை என்றும் தலைவர் அதில் உறுதி கூறியிருந்தார். புருஷனைக் கப்பலேற்றிவிட்டு வந்து அப்பா வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவளின் கையில் அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது, ஜூலை 2, புதன்கிழமை.